எக்ஸ்பிரஸ் என்ற ஆமையும் நாற்பத்தோராம் வில்லையும்

தெருவில் ஓர் ஆமை தனியாக நடந்து போவதைக் கண்டால், ஐயா, முதலில் பார்க்க வேண்டியது அதன் கால்களை. விரல்களுக்கு நடுவே சவ்வு படர்ந்து, துடுப்பைப் போலத் தட்டையாக இருந்தால் அது தண்ணீர் ஆமை. யானையின் கால்களைப் போல உருண்டு திரண்டு, நகங்கள் மட்டும் வெளியே தெரிந்தால் அது தரை ஆமை. இந்த வேறுபாடு பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. ஆமை என்றாலே தண்ணீர் என்று அவர்கள் மனத்தில் பதிந்து கிடக்கிறது. வழி தவறி வந்த தரை ஆமையை வாரி எடுத்து, ஐயோ பாவம் என்று, நீர் நிரம்பிய தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். அது கல்லைப் போல அடியில் போய் நிற்கிறது. மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு மேடம், குளிக்கட்டும்னுதானே விட்டோம்" என்கிறார்கள். அவர்களை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அறியாமல் கொன்றவனுக்கு வருத்தம் இருக்கிறது; அறிந்து கொன்றவனுக்குத்தான் தண்டனை வேண்டும். மேடைகளில் என் வாழ்நாளெல்லாம் நான் பேசியதன் சாரம் இவ்வளவுதான்.

நீங்கள் அவசரப்படுகிறீர்கள். அது உங்கள் கடமை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் நேற்று மாலையிலிருந்து வீடு திரும்பவில்லை. அவள் கடைசியாகப் பேசியது என்னோடுதான். அவள் எங்கே இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. மறுப்பதாக இருந்தால், யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு நடந்து வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இடத்தைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஆமையிலிருந்து தொடங்கித்தான் சொல்வேன். இடையில் வெட்டினால் நிறுத்திவிடுவேன். நிறுத்திவிட்டால், அதன்பிறகு என் வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூட உங்களால் பிடுங்க முடியாது. வேண்டுமானால், மேசையில் நான் வைத்திருக்கும் இந்தப் பித்தளை வில்லையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் கேட்கிறவனுக்குக் கைக்கு ஏதாவது இருந்தால் நல்லது.

நான் கைவிடப்பட்ட விலங்குகளின் காப்பகத்தில் தொலைபேசி எடுப்பவள். முன்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, உடைந்த காதுகுழலை ரப்பர் வளையத்தால் கட்டிய ஒரு தொலைபேசி. பின்னால் நாய்க் கூண்டுகள். எப்போதும் குரைப்பு. புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது மழைச் சத்தம் போலப் பழகிவிட்டது. தரையெங்கும் நீலக் கறை. எத்தனை முறை தேய்த்தாலும் போகாத கறை. மழை நாளில் நாய்களின் பாதங்கள் நீலமாகிவிடும். பார்க்க வருகிறவர்கள் சிரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற மாதம் ஒரு மாலை, வேலை முடிந்து திரும்பும்போது, என் வீட்டுக்கு முந்தைய தெருவில், குப்பைத்தொட்டிக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே அந்த ஆமையைக் கண்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவு. அவசரம் இல்லை, ஆனால் போகும் இடம் தெரிந்ததைப் போன்ற நடை. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி அதற்கு வழிவிட்டிருந்தார்.

"உங்களுதாம்மா? ரேஸுக்கு விட்டிருக்கீங்களா, இந்த வேகத்துல போகுது?"

"என்னுடையதில்லை. ஆனால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

கால்களைப் பார்த்தேன். தரை ஆமை. இரண்டு பக்கமும் கைகொடுத்து, தரைக்கு இணையாகத் தூக்கினேன். கவிழ்க்கக் கூடாது. பதறினால் அது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் நீரையெல்லாம் வெளியே விட்டுவிடும். வெயில் நாளில் அந்த நீர்தான் அதன் உயிர். வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியில் காகிதம் விரித்து, காய்ந்த புல் போட்டு, குடிப்பதற்கு ஓட்டைவிடத் தாழ்வான தட்டில் தண்ணீர் வைத்தேன். கீரை கொடுத்தேன். பால் கொடுக்கக் கூடாது, ரொட்டி கொடுக்கக் கூடாது. எல்லாம் நான் நாள்தோறும் பிறருக்குச் சொல்கிறவை. பிறகு ஓட்டைத் துடைத்து அடையாளம் தேட வேண்டும். வளர்க்கிறவர்கள் ஏதாவது குறி வைத்திருப்பார்கள். சில மூடர்கள் ஓட்டில் துளையிட்டுக் கயிறு கோத்துவிடுகிறார்கள். ஆமையின் ஓடு அதன் எலும்பு, ஐயா. உயிரோடு இருப்பவனின் எலும்பில் துளையிடுவார்களா?

இந்த ஆமையின் ஓட்டில் துளை இல்லை. வாலுக்கு மேலே ஒரு பித்தளை வில்லை பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். நாற்பத்தொன்று என்ற எண் தெரிந்தது. விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. உங்கள் கட்டைவிரல் இப்போது அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது. அந்த வெட்டை என் கண்ணெதிரே, என் நகம் ராவும் அரத்தைக் கேட்டு வாங்கிப் போட்டவன் என் தம்பி.

டீக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம்.

என் தம்பி சாயப்பட்டறையில் தொட்டி கழுவுகிறவன். தரைக்கு அடியில் ஓர் அறை அளவுக்குத் தொட்டி. மேலே இரும்பு மூடி. பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கி. இறங்குகிறவன் தன் எண் பொறித்த வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான். கொக்கி வெறுமையாக இருந்தால் மூடியை மூடலாம், தண்ணீரைத் திறக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனும் படிக்கக்கூடிய சட்டம் அது. நாற்பத்தொன்றும் நாற்பத்தேழும் அழுக்கேறினால் ஒன்றுபோலத் தெரிகின்றன என்றுதான் அவன் விளிம்பில் வெட்டுப் போட்டுக்கொண்டான். "அந்த நாப்பத்தேழு குளிக்கவே மாட்டான்க்கா. அவன் வில்லைய மாத்தி எடுத்துட்டேன்னு வை, அவன் நாத்தமும் என்கூடவே வீட்டுக்கு வந்துரும்" என்றான். அவன் அப்படிப்பட்டவன். சட்டையை மடித்து, மடிப்பின்மேல் இன்னொரு முறை கையை ஓட்டுகிறவன்.

ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. என் அம்மா பட்டறையின் வாசலுக்குப் போனாள். அங்கே மேலாளராக இருந்தவருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் 'பொறுமை'. கூலி உயர்வு கேட்டாலும், கையுறை கேட்டாலும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்டாலும் அவர் சொன்ன விடை ஒன்றே. அம்மாவிடமும் அவரே வந்து அதைத்தான் சொன்னார்: "தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். பொறுமையா இருங்கம்மா." உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை அவர் கையாலேயே கொண்டுவந்து போட்டார். அவ்வளவு பண்பானவர். என் அம்மா அந்த நாற்காலியில் இரண்டு பகல் உட்கார்ந்திருந்தாள். அவள் காலுக்குக் கீழே, அதே வளாகத்தில், அவள் மகன் தண்ணீருக்குள் இருந்தான். அடுத்த நீலச் சாயத்துக்காகத் தொட்டியை வடித்தபோது மேலே வந்தான்.

விசாரணை நடந்தது. மேலாளர் நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்று சொன்னார்: "கொக்கியில் வில்லை இல்லை. வில்லை மாட்டாமல் இறங்கியது அவன் குற்றம். நான் யாரையும் தொடவே இல்லை. அந்த அம்மாவைப் பொறுமையாக இருக்கச் சொன்னேன், அவ்வளவுதான்." வில்லை எங்கே என்று கேட்டார்கள். எங்கேயாவது தொலைத்திருப்பான் என்றார். ஏற்றுக்கொண்டார்கள். உழைக்கிறவனின் கவனக்குறைவை நம்புவதற்கு இந்த உலகம் சாட்சி கேட்பதில்லை, ஐயா. உடைமைக்காரனின் கவனக்குறைவுக்குத்தான் ஆயிரம் சாட்சி கேட்கும்.

அதற்குப் பிறகு என் அம்மாவிடம் மிஞ்சியது ஒரே கேள்வி. "செருப்பக்கூட ஜோடி சேத்து வைக்கிற புள்ள. அத மாட்டாமயா எறங்குவான்?" பாத்திரம் கழுவும்போது கேட்டாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டாள். கடைசியில் மருத்துவமனையில், ஊசி போட வந்த செவிலியரிடம் கேட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அம்மா என்ன கேக்கறாங்க?" என்றாள். "ஒன்றுமில்லை" என்றேன். என் தம்பியைத் தொட்டியில் ஒருமுறைதான் கொன்றார்கள். கவனமில்லாதவன் என்று பெயர் சூட்டி, அவளுடைய நெஞ்சுக்குள் நாள்தோறும் கொன்றார்கள்.

நான் மேடை ஏறினேன். துண்டறிக்கை எழுதினேன். சந்தை முனையில், ஆலை வாசலில், பெட்டிமேல் ஏறி நின்று பேசினேன். கேட்டார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கற்றேன்: ஒரு கூட்டத்தை எப்படிக் கட்டிப்போடுவது, எழுந்திருக்கப் போகிறவன் மீண்டும் உட்காரும்படி எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது. அந்தக் கல்வி வீண்போகவில்லை.

இனி அந்தப் பெண்.

ஆமை கிடைத்தால் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டும்போது அடையாளத்தை எழுதிவிடக் கூடாது. உரியவர் என்று வருகிறவரைத்தான் சொல்லவிட வேண்டும். நான் அறிவிப்பு ஒட்டவில்லை. அந்த ஒரு விதியை மட்டும் மீறினேன். அவசியமும் இருக்கவில்லை, அவளாகவே வந்துவிட்டாள்.

"அக்கா, இங்க ஆமை ஏதாச்சும் வந்துச்சா? பேரு எக்ஸ்பிரஸ். சிரிக்காதீங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க."

நான் சிரிக்கவில்லை. அடையாளம் கேட்டேன்.

"ஓட்டுல பின்னாடி ஒரு பித்தளை வில்லை இருக்கும், நாப்பத்தொண்ணுன்னு. கடையில ஃபிரேம் ஒட்டுற பசையால நான்தான் ஒட்டுனேன். துளை போட மனசு வரல."

"வில்லை ஏதும்மா?"

"அப்பா டிராயர்ல கெடந்துச்சு. அவரு முன்னாடி சாயப்பட்டறையில மேனேஜரு. அப்பப்ப அத எடுத்துக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. சும்மா கெடக்கறதுக்கு இவனுக்காச்சும் ஆகட்டுமேன்னு ஒட்டிட்டேன். அன்னைக்கு சாப்பிடாமப் போய்ப் படுத்துக்கிட்டாரு. இப்ப இவன் காணாமப் போனதுல இருந்து எனக்கு மேல அவருதான் ஆடிப்போய்க் கெடக்கறாரு."

நான் தலையசைத்தேன். தகவல் வந்தால் சொல்கிறேன் என்றேன். எதற்காக அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். உறுத்தியிருக்கும் என்பீர்கள். இருக்கலாம். உறுத்தலை டிராயரில் பூட்டி வைத்துவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட முடிந்திருக்கிறது. ஒரே ஒரு வேளை மட்டும் சாப்பிடவில்லையாம்.

அவள் அடிக்கடி வந்தாள். வரும்போதெல்லாம் நாய்களுக்கு பிஸ்கட் வாங்கி வந்தாள். ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியின் காது நூலால் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கழற்றி எடுத்தாள். "இத இப்படியா விட்டு வைப்பீங்க? என்ன, கண்ணு இரவல் வாங்குனதா?" என்று திட்டிக்கொண்டே, கைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, புதிய திருகாணி போட்டுத் துடைத்து மாட்டிவிட்டாள். அந்தக் கண்ணாடியைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன். நன்றாகத் தெரிகிறது.

அவளிடம் எனக்குப் பகை இல்லை. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பகை அவள் தந்தையிடம். ஆனால் அவரைக் கொல்வதில் என்ன பயன்? செத்தவன் யாருக்காகவும் வாசலில் காத்திருப்பதில்லை. என் அம்மாவுக்கு நேர்ந்தது சாவு அன்று, காத்திருப்பு. அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விடை தெரிந்த ஒருவர், விடை தெரியாதவரைப் போல அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். குற்றம் அதுவென்றால் தண்டனையும் அதுவாகத்தானே இருக்க வேண்டும்? அவரும் ஒரு வாசலில் உட்கார வேண்டும். அப்படி உட்கார வைப்பதற்கு, அவருடையது என்று ஒன்று காணாமற்போக வேண்டும். ஆமை போதுமா என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தேன். போதாது.

"அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணுச்சு?" என்கிறீர்கள். நல்ல கேள்வி. அவள் ஒன்றும் செய்யவில்லை. என் தம்பியும் ஒன்றும் செய்யவில்லை. அந்த வகையில் இருவரும் சமம். சமத்துவத்துக்காகத்தான் நான் இத்தனை காலம் பேசினேன்.

உட்காருங்கள். எழுந்து எங்கே போவீர்கள்? எந்தத் திசையில் என்று இன்னும் உங்களுக்குத் தெரியாது. சொல்லி முடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். தொண்டை வறள்கிறது; இன்னொரு டீ கிடைக்குமானால் நல்லது.

காப்பகத்தின் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூண்டுகளைக் கழுவத் தண்ணீர் நிறைய வேண்டும். மாதம் ஒருமுறை தொட்டியை வடித்து, இறங்கிக் கழுவுவார்கள்; மறுநாள் தண்ணீர் லாரி வந்து நிரப்பும். லாரி ஓட்டுநர் உள்ளே வருவதே இல்லை. "உங்க நாயிங்க என்னையப் பாத்தா பிரியாணியப் பாக்கற மாதிரி பாக்குதுங்கக்கா" என்பார். பின்சந்தில் தண்ணீர் விடும் குழாய். அதற்குப் பக்கத்தில் கம்பி போட்ட சன்னல். சன்னல் வழியே பார்த்தால், தொட்டி மூடிக்கு மேலே, சுவரில் ஒரு கொக்கி தெரியும். கொக்கியில் ஏதாவது தொங்கினால் தண்ணீரைத் திறக்க மாட்டார். வெறுமையாக இருந்தால் குழாயை மாட்டித் திறந்துவிட்டு, வண்டியில் ஏறிப் பாட்டுக் கேட்பார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அங்கே இந்த வழக்கம் இல்லை. நிர்வாகத்தோடு வாதாடிக் கொண்டுவந்தவள் நான்தான். இறங்குகிறவர்கள் நாய்ப்பட்டையின் தகட்டை மாட்டுவார்கள். ஓர் உயிரைக் காக்கும் வழக்கத்தை நான் மீட்டெடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று தொட்டி கழுவி முடித்து, எல்லாரும் போய்விட்டார்கள். கடை முடிந்து அவள் வந்தாள். என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஓட்டிலிருந்து நான் பக்குவமாக எடுத்த வில்லை. வெந்நீர்த் துணியை வைத்து, பசையைச் சிறிது சிறிதாக இளக்கி எடுத்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"இது தொட்டி ஓரத்துல கெடந்துச்சும்மா" என்றேன்.

"அய்யோ, உள்ள விழுந்துட்டானா? தண்ணி இருக்காக்கா?"

"இல்லை. காய்ந்துதான் கிடக்கிறது. உள்ளே மூலையில் ஏதோ உரசும் சத்தம் கேட்கிறது. என் முழங்கால் ஏணிக்கு ஒத்துவராது."

"நீங்க பேசாம இருங்க, நான் எறங்கறேன். அவன் எங்க போவான், மூலையப் பாத்து மொறச்சுக்கிட்டு நிப்பான்." கைப்பையையும் போனையும் என்னிடம் கொடுத்தாள்.

"இந்த வில்லைய அந்தக் கொக்கியில மாட்டிட்டு எறங்கும்மா. மாட்டினா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். இங்க அதுதான் வழக்கம்."

"எவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்கக்கா எல்லாத்தையும்" என்றாள். அவள் கையாலேயே மாட்டினாள். ஏணியில் இறங்கினாள். கீழேயிருந்து அவள் குரல் கேட்டது: "டேய் எக்ஸ்பிரஸ், எங்கடா இருக்க? வாடா தங்கம்." கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இங்க ஒண்ணுமே இல்லியே."

நான் மூடியை இறக்கினேன். கீல்களுக்கு மாதந்தோறும் எண்ணெய் விடுகிறவள் நான், ஒலி எழவில்லை. பூட்டினேன். அவள் தட்டத் தொடங்கியபோது குனிந்து, மூடியின் விளிம்பில் வாயை வைத்து, பொறுமையாக இரும்மா என்றேன். பிறகு கொக்கியிலிருந்து வில்லையை எடுத்துக்கொண்டு, நாய்களுக்குச் சோறு வைக்கப் போனேன். சோற்றைக் கண்டால் அத்தனையும் ஒருசேரக் குரைக்கும். அந்தக் குரைப்பில் தட்டும் ஓசை எவருக்கும் கேட்காது. என் தம்பியின் காலத்தில் அந்த வேலையை இயந்திரங்கள் செய்தன.

ஆம். நீங்கள் நினைப்பது சரி. பட்டறை மூடிய பிறகு அந்தக் கொட்டகையைத்தான் காப்பகத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். அதே தொட்டி. அதே கொக்கி. தரையில் இருப்பது அதே நீலம். அந்த இடத்தில் வேலை என்று கேள்விப்பட்டுத்தான் நான் தொலைபேசி எடுக்கச் சேர்ந்தேன்.

இன்று காப்பகத்துக்கு விடுமுறை. நாய்களைப் பார்க்க நான் மட்டும் போயிருந்தேன். காலையில் அவர் வந்தார். ஊன்றுகோல், கலைந்த தலை, கையில் போன்கூட இல்லை. மகள்தான் அவருக்குப் போன். என் முகம் அவருக்கு நினைவில்லை. நினைவிருக்க நியாயமும் இல்லை; அன்று அவர் பார்த்துப் பேசியது என் அம்மாவிடம் மட்டும்தான். உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து, வாசலுக்கு வெளியே போட்டு, அவரை உட்கார வைத்தேன்.

"எம்பொண்ணு இங்க போறேன்னு சொல்லிட்டு வந்தாம்மா."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். பொறுமையா இருங்கய்யா."

அந்தச் சொற்களைக் கேட்டதும் அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கொட்டகையைப் பார்த்தார். "தொட்டியப் பாத்தீங்களா?" என்றார்.

"கொக்கியில வில்லை இல்லைய்யா. வில்லை இல்லைன்னா உள்ள ஆள் இல்லைன்னுதானே அர்த்தம்?"

ஊன்றுகோல் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"இல்லாட்டியும்" என்றார். "இல்லாட்டியும் ஆள் இருக்கலாம்மா." பிறகு, நான் கேட்காமலே, எல்லாவற்றையும் சொன்னார். "அன்னைக்கு நான்தான் எடுத்தேன். கொக்கியப் பாக்காம தண்ணியத் தெறக்கச் சொல்லிட்டேன். அப்புறந்தான் பாத்தேன், சத்தியமா அப்புறந்தான். அதுக்குமேல தெறந்து என்ன ஆகப்போகுதுன்னு... நீங்க அந்தம்மாவோட..."

"பொண்ணு" என்றேன்.

"தெறந்துருங்கம்மா. என்னைய என்ன வேணா பண்ணுங்க. அத மட்டும் தெறந்துருங்க."

முன்னாலா பின்னாலா என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. எனக்கு இல்லை. என் அம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, ஐயா. மாட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இத்தனை பெட்டிகளின்மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அது கிடைத்த கணத்தில் என் நெஞ்சு அடங்கும், அந்த இடத்திலேயே மூடியைத் திறந்துவிடுவேன் என்றுகூட ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அடங்கவில்லை. அவர் அழுதார், எனக்கு அது போதவில்லை.

"சாவி என்னிடம் இல்லை. காவல் நிலையத்துக்குப் போய் ஆள் அழைத்து வருகிறேன். அதுவரை இந்த இடத்தைவிட்டு அசையாமல் பொறுமையாக இருங்கள்" என்று சொல்லி, வாசலைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். நேரே உங்களிடம்தான் வந்தேன். வந்து, ஒன்றையும் ஒளிக்காமல், முதலிலிருந்து முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது என்றால் கொக்கியில் இல்லை. தண்ணீர் லாரி பகல் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும். எனக்கு நீங்கள் இரண்டாவது டீ சொன்னீர்களே, அநேகமாக அப்போது வந்திருக்கும். சன்னல் வழியே பார்த்திருப்பார். வெறும் கொக்கி தெரிந்திருக்கும். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தண்ணீர் பாயும் ஓசை கேட்கும். அந்த ஓசையை அவர் நன்றாக அறிவார்.

ஓடுங்கள். இதோ சாவி. நான் தடுக்கவில்லை. எழுதுகிறவரை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள், முடிவுரை இருக்கிறது. நான் அவளைத் தொடவே இல்லை. பொறுமையாக இருக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

எழுதுங்கள் தம்பி. ஒரே ஒரு வேண்டுகோள். ஆமை என் வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியில் நலமாக இருக்கிறது. இன்றைய கீரை வைத்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டைச் சோதனை போட வருகிறவர்கள் யாராவது இரக்கப்பட்டு அதைத் தண்ணீரில் விட்டுவிடப் போகிறார்கள். முதலில் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு நீந்தத் தெரியாது. மூடிய தொட்டிக்குள் ஓர் உயிர் மூச்சு முட்டிச் சாவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு அதை நினைத்துப் பார்க்கக்கூட மனம் வராது.